பத்துக் கோடி தாண்டினதும் ஒரு எண்ணைக் காணோம்

கடைசியில் பிடித்துவிட்டேன். 10,23,34,155. பொன்விகிதத்தை (1.618...) 1, 2, 3 என்று ஒவ்வொரு n-ஆலும் பெருக்கி ஃப்ளோர் போட்டால், அதாவது புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டினால் வரும் 1, 3, 4, 6, 8, 9..., ஒவ்வொன்றோடும் அதன் n-ஐக் கூட்டினால் வரும் ஜோடியான 2, 5, 7, 10, 13..., பீட்டி தொடர் என்று சொல்லும் இந்த இரண்டும் கணினியில் முதன்முதலாக இடறுவது இந்த n-ல்தான். இரண்டும் சேர்ந்தால் 1-லிருந்து எல்லா முழு எண்ணும் ஒரே ஒரு தடவை வரவேண்டும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே. இங்கே 16,55,80,140 எந்தத் தொடரிலும் இல்லை, 16,55,80,141 இரண்டிலும் நிற்கிறது!

காரணத்தைத் தோண்டினால் ருசியாக இருக்கிறது. 10,23,34,155 என்பது 40-ஆவது பிபனாச்சி எண் (1, 1, 2, 3, 5 என்று முந்தைய இரண்டைக் கூட்டிக்கொண்டே போகும் வரிசை). அதைப் பொன்விகிதத்தால் பெருக்கினால் 41-ஆவதான 16,55,80,141-க்கு 0.0000000044 மட்டும் குறைவாக நிற்கும், ஆகவே ஃப்ளோர் ஒன்று கீழே இறங்கவேண்டும். ஆனால் இந்தச் சவம் பைத்தான் (பைத்தானை மட்டும் திட்டிப் பயனில்லை, தசம எண்ணை 64 பிட்டில் அடக்கும் எந்தக் கணினி மொழிக்குப் போனாலும் இதே கதைதான்) பொன்விகிதத்தை 17-ஆவது தசம இடத்தில் 5 போலக் கூட்டி வைத்திருக்கிறது. பத்துக் கோடியால் பெருக்கும்போது அந்தத் துளி 0.0000000056 ஆகி, இருந்த இடைவெளியையே விழுங்கிவிடுகிறது. 38-ஆவது பிபனாச்சியில் இடைவெளி 0.000000011, அதனால் மயிரிழையில் தப்பிக்கிறது. 39 போன்ற ஒற்றைப்படை இடங்களில் பெருக்கல் முழு எண்ணுக்குக் கொஞ்சம் மேலே நிற்பதால் பயமே இல்லை.

சரிபார்க்கப் பொன்விகிதமே தேவைப்படாத வழியைத்தான் வைத்தேன்: இதுவரை வராத சின்ன எண்ணை எடு, அதோடு n கூட்டு, ஜோடி தயார். குலசேகரம் பக்கம் மழை பிடித்தால் கரண்ட் தங்காது, லேப்டாப் பேட்டரியும் கிழடு, எனவே துண்டு துண்டாகத்தான் ஓட்டவேண்டியிருந்தது. மருந்து ஒரே வரி: 5n²-க்கு முழுஎண் வர்க்கமூலம் (பைத்தான் 3.8-லிருந்து isqrt என்று தருகிறார்களே, அதுதான்) எடுத்து, n கூட்டி, இரண்டால் வகுத்து மீதியைத் தள்ளு. தசமமே உள்ளே வராது. மெதுவாக ஓடும், ஓடட்டும்.

இதற்கிடையே இந்தத் தொடர்களைச் சோழி மாலையாகக் கோக்கும் வேலையும் பாதியில் கிடக்கிறது. முதல் தொடருக்கு வெள்ளைச் சோழி, இரண்டாவதற்குப் பழுப்பு, 144 கோத்தால் சரியாக 89-ம் 55-ம். கன்னியாகுமரி கடற்கரையில் ஒரு கடைக்காரர் என்னையும் டூரிஸ்ட் என்று நினைத்து விலை சொன்னார், அதோடு பாதிச் சோழி ஓட்டை. பழுப்பு இன்னும் தேறவில்லை. “மூணு கலர்ல கோத்தா என்ன?” என்று மைனி கேட்கிறாள். இந்த ஃப்ளோர் வழியில் மூன்று தொடர்களாக எண்களை மிச்சமில்லாமல், இரட்டிக்காமல் பிரிக்கவே முடியாது என்று கணிதவியலாளர் உஸ்பென்ஸ்கி 1927-லேயே நிறுவிவிட்டார். மைனியிடம் அதைச் சொன்னால் அடுத்த வேளை சாப்பாடு கிடைக்குமா தெரியாது.

அடுத்து பொன்விகிதத்துக்குப் பதில் √2, அதன் ஜோடிக்கு 2+√2. அங்கேயும் கணினி வைத்திருக்கும் √2 நிஜத்தைவிடச் சற்றுப் பெரிதுதான், எங்கே இடறும் என்று இன்றிரவு ஓடவிடப் போகிறேன், கரண்ட் இருந்தால்.