கூரைக்குக் குத்தகை
கலிபோர்னியாவில் எங்கள் வீட்டுக் கூரையில் சோலார் பேனல்களைக் குத்தகைக்கு அமைக்கலாமென்று, முன்பணமாக ஒரு டாலர்கூட வேண்டாம் என்ற விற்பனையாளரின் பேச்சில் மயங்கி, கையெழுத்திடும் நிலைக்கே வந்துவிட்டேன். ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில், பொடி எழுத்தில், வாடகை ஆண்டுதோறும் 2.9 விழுக்காடு உயரும் என்றிருந்தது. சாப்பாட்டு மேசையிலேயே கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். இன்று 120 டாலராக இருக்கும் மாத வாடகை, 25ஆம் ஆண்டில் 238 டாலராகிவிடும். பேனல்களோ அதற்குள் பழசாகி, மின்சாரத்தைக் குறைவாகத்தான் தரும். பழுதுபார்ப்பது அவர்கள் பொறுப்பு என்பது நல்ல அம்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் பேனல்கள் நிறுவனத்தின் சொத்து என்பதால் வரிச்சலுகையும் அவர்களுக்கே போகும். இடையில் வீட்டை விற்க நேர்ந்தால், வாங்குபவர் குத்தகையை ஏற்க வேண்டும், இல்லையேல் மீதித் தொகையை நாமே அடைக்க வேண்டும். மூன்று ஆண்டுகளில் ஊர் திரும்பும் எண்ணத்திலிருக்கும் எனக்கு அது ஒத்துவரவில்லை.