டிரம் மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் முன்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வால்வு ரேடியோ கிடைக்கும், எனாமல் தூக்குச்சட்டி கிடைக்கும், பர்மாத் தேக்குக் கதவுநிலை கிடைக்கும். டிரம் மெஷின் (தாளச் சத்தங்களைத் தானே வாசிக்கும் மின்பெட்டி) தேடி அங்கே போவது வீண் அலைச்சல். விசாரிக்க வேண்டியது பழைய மெல்லிசைக் குழுக்காரர்களிடம். எலெக்ட்ரானிக் பேட் வாசிக்கிறவர்கள் வந்ததும் மூலையில் போட்ட பெட்டிகள் அவர்களிடம்தான் இருக்கும். மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வந்த சாமான்களோடு பூட்டிய வீடுகளில் கிடப்பவை இன்னொரு வழி.

ரோலண்ட் டிஆர்-808 வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். 1980 முதல் 1983 வரை ஏறக்குறைய 12,000 மட்டுமே செய்தார்கள். இன்றைய விலை அந்தப் பெயருக்கான விலை. கையில் வைத்துத் திறந்து பழக டிஆர்-606, டிஆர்-707, கேசியோ ஆர்இசட்-1, அலெசிஸ் எச்ஆர்-16 போதும்.

வாங்கியதும் பிளக்கைச் சொருகத் தோன்றும். வேண்டாம், முதலில் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். மலேசியா, சிங்கப்பூரில் விற்றவை 220 முதல் 240 வோல்ட் வரை, நம் லைனுக்குச் சரி. ஜப்பானில் விற்றவை 100 வோல்ட். அதை 230-இல் நேராகச் சொருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். கடையில் கிடைக்கும் ஸ்டெப்-டவுன் (வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) பெரும்பாலும் 110 வோல்ட் தரும். 10 சதவீதம் கூடுதல், உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் சுடும். 100 வோல்ட் என்றே சொல்லிச் சுற்றி வாங்குங்கள், 100 விஏ தாராளம். அயர்ன் பாக்ஸுக்கென விற்கும் எலெக்ட்ரானிக் கன்வெர்ட்டரைத் தொடவே கூடாது.

அடாப்டர் மெஷின்களில் வேறு ஆபத்து. 606-க்கும் 707-க்கும் 9 வோல்ட் டிசி, நடுமுள் நெகட்டிவ். யமஹா அடாப்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுள் பாசிட்டிவ். எச்ஆர்-16-க்குத் தேவை 9 வோல்ட் ஏசி. அதில் டிசி கொடுத்துவிட்டு "மெஷின் செத்துப்போச்சு" என்று குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. மூன்றுக்கும் பிளக் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அடாப்டரில் பெயின்ட்டால் எழுதி வையுங்கள்.

பழைய மெஷின் கெட்டுப்போக முதல் காரணம் உள்ளேயே விட்ட செல். 606-இல் சி சைஸ் செல் 4 போட வேண்டும். வருடக்கணக்கில் பூட்டிய வீட்டில் கிடந்தால் கசிவு ஸ்பிரிங்கைத் தின்று, ஒயர் வழியாகப் போர்டு வரை ஏறியிருக்கும். எந்த செல் என்று பார்த்துத்தான் துடைக்க வேண்டும். நம் பெட்டிக்கடைச் சாதாரணச் செல் துத்தநாக-கார்பன் வகை, அதன் கசிவு அமிலம். ஆப்பசோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள். ஆல்கலைன் என்று போட்டிருந்தால் கசிவு காரம். வினிகர் அல்லது எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டு எடுங்கள். மாற்றித் தடவினால் அரிப்பு நிற்காது. பிறகு ஈரத்துணி, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பச்சை பூத்த தடத்தை மீட்டரால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பாருங்கள், அறுந்திருந்தால் மெல்லிய ஒயரால் பாலம் போடுங்கள். போர்டில் சாலிடர் செய்த லித்தியம் செல்லுக்குப் பதில் ஒரு ஹோல்டர் வைத்துவிட்டால் அடுத்த முறை சாலிடர் வேலை இல்லை. அந்த இடத்தில் ரீசார்ஜ் செல் போடாதீர்கள். செல்லைக் கழற்றும்போது மெஷினில் சேமித்த பேட்டர்ன்கள் (தாள வரிசைகள்) அழியும். 707, ஆர்இசட்-1 இரண்டிலும் அவற்றைக் கேசட்டில் பதிய டேப் அவுட் இருக்கிறது, முன்கூட்டியே பதிந்து வையுங்கள். போனில் பதிந்தால் டபிள்யூஏவி ஆகப் பதியுங்கள், எம்பி3 ஆக்கினால் திரும்ப ஏறாமல் போகலாம்.

உள்ளேயே பவர் சப்ளை உள்ள மெஷினை முதல்முறை சீரீஸ் பல்பு போர்டு (லைனில் தொடராகப் பல்பு இணைத்த பலகை) வழியாகப் போடுங்கள், 40 வாட் குண்டு பல்பு. பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். ஒரு கணம் மின்னி மங்கினால் நல்ல செய்தி. பிறகு 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டரின் வெளிக்காலில் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே வோல்ட் இருக்கிறதா பாருங்கள். ஸ்பீக்கரில் உறுமல் கேட்டால் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வற்றியிருக்கும். அதே மைக்ரோஃபாரட், அடுத்த படி வோல்ட், 105 டிகிரி ரகம் பார்த்து மாற்றுங்கள். நம் ஊர் வெயிலுக்கு 85 டிகிரி ரகம் சிக்கனமல்ல. கெபாசிட்டர் மாற்றியும் உறுமினால் வீட்டைச் சந்தேகியுங்கள்: பழைய வீட்டு இரண்டு முள் சாக்கெட்டில் எர்த் கிடையாது, ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரும் இரையும்.

ஒன்று மட்டும் மாற்றாதீர்கள்: 808-இன் இரைச்சலைத் தரும் டிரான்சிஸ்டர். 2எஸ்சி828 ரகத்தில் வழக்கத்துக்கு மீறி இரைவதைப் பொறுக்கி எடுத்துப் போட்டார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே எண் அச்சிட்டுக் கிடைப்பது வேலை செய்யும், அந்தச் சத்தம் வராது.

மாற்றியமைக்க 606 நல்ல மாடு, எவ்வளவு கறந்தாலும் உதைக்காது. 7 வாத்தியமும் ஒரே அவுட்டில் கலந்து வருவதுதான் அதன் குறை. ஒவ்வொரு சத்தமும் மிக்ஸருக்குப் போகும் இடத்தில் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் தொடராக வைத்து 3.5 மி.மீ. ஜாக்குக்குக் கொண்டுவாருங்கள். சுவிட்ச் உள்ள ஜாக் போட்டால் சொருகியதும் அந்த வாத்தியம் மட்டும் பொது அவுட்டிலிருந்து விலகும். சுருதி மாற்ற, டாம் (டிரம் செட்டின் நடுத்தர முரசு) சர்க்யூட்டில் சுருதியைத் தீர்மானிக்கும் பிரிட்ஜ்டு-டி பகுதியில் தரைக்குப் போகும் ரெசிஸ்டரைத் தேடுங்கள். அதைக் குறைத்தால் சுருதி ஏறும். அந்த இடத்தில் பொட்டென்ஷியோமீட்டரை (திருகினால் ஓம் மாறும் குமிழ்) மட்டும் வைத்தால் ஒரு கோடியில் பூஜ்யமாகி வெறும் 'டிக்' என்று நிற்கும்; தொடரில் ஒரு நிலையான ரெசிஸ்டர் கட்டாயம். பம்பைக்கு நெருக்கமான சத்தம் இந்தக் குமிழைத் திருகினால் கிடைக்கிறது.

எச்ஆர்-16 சத்தத்தை ரோமிலிருந்து (அழியாத நினைவக ஐ.சி.) படிக்கிறது. அந்த ஐ.சி.யின் டேட்டா கால்கள் இரண்டை 220 ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தொட்டால் சத்தம் நொறுங்கி வேறொன்றாகும். முதலில் 5 வோல்ட் கால், கிரவுண்ட் கால் இரண்டையும் மீட்டரால் கண்டுபிடித்துச் சிவப்பு மை வையுங்கள். அவற்றின் பக்கமே போகக் கூடாது. மெஷின் உறைந்துபோனால் பயப்பட வேண்டாம், அணைத்துப் போட்டால் வழக்கமாகத் திரும்பும்.

நம் சத்தம் வேண்டுமென்றால் ஆர்இசட்-1. 8 பிட், 20 கிலோஹெர்ட்ஸ், 0.2 நொடி வீதம் நாமே பதியும் நான்கு சாம்பிள். சேர்த்தால் ஒரே 0.8 நொடி. தவிலின் ஒரு அடி 0.2-இல் அடங்கும். உறுமியின் உரசல் அடங்காது, இரண்டையாவது சேர்க்க வேண்டும். வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) வைத்து வாசிக்கச் சொல்லாதீர்கள்: கல்தூணும் தரையும் திருப்பி அடிக்கும் எதிரொலி 0.2 நொடியில் நறுக்கென வெட்டுப்படும். மெத்தை, தலையணை அடுக்கிய அறை நல்லது. லெவலைச் சிவப்பு தொடுமுன் வரை ஏற்றுங்கள், 8 பிட்டில் மெல்லப் பதிந்தால் இரைச்சல்தான் மிஞ்சும்.

707-இல் பேட்டர்ன் எத்தனையாவது ஸ்டெப்பில் (தாளத்தின் சிறு கட்டம்) முடிய வேண்டும் என்று சொல்லும் 'லாஸ்ட் ஸ்டெப்' பட்டன் இருப்பது நமக்கென்றே செய்ததுபோல. மிஸ்ர சாபுவுக்கு 14 ஸ்டெப், கிக் (காலால் அடிக்கும் பெரிய முரசின் சத்தம்) 1, 7, 11-இல். கண்ட சாபுவுக்கு 10 ஸ்டெப், 1-லும் 5-லும். முளைப்பாரிக் கும்மிக்கு 12: கைத்தட்டு 1, 4, 7, 10, கிக் 1, 7, லோ டாம் 3, 6, 9, 12-இல் அடக்கமாக. இங்கே டெம்போ எண் ஏமாற்றும், ஏனென்றால் மெஷின் நான்கு ஸ்டெப்பை ஒரு அடியாக எண்ணுகிறது, நாம் மூன்றை. நிமிடத்துக்கு 120 தட்டு வேண்டுமென்றால் 90 வையுங்கள்.

606-ஐ 707-ஓடு சேர்த்து ஓட்ட மிடி (இசைக்கருவிகளை இணைக்கும் பொது முறை) கிடையாது, அதற்கு முந்தைய டின் சிங்க் மட்டுமே. இரண்டும் ஒரே 5 முள் சாக்கெட் என்பதால் மாற்றிச் சொருகிக் குழம்புவார்கள். டின் சிங்கில் 1-ஆம் முள் ஓட்டம்-நிறுத்தம், 2 கிரவுண்ட், 3 கிளாக். மிடி 4, 5-ஐப் பயன்படுத்தும். மூன்று முள் மட்டும் இணைத்த கேபிளை நீங்களே சாலிடர் செய்துகொள்ளலாம். ரோலண்ட் கால்நோட்டுக்கு 24 துடிப்பு, பழைய கோர்க் 48. சேர்த்தால் ஒன்று இரட்டை வேகத்தில் ஓடும்.

திருவிழாவில் ஒலிக்கவிடப் போகிறீர்களா? குழாய் ஸ்பீக்கரில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் வராது. 808-இன் கிக் 50 ஹெர்ட்ஸ் பக்கம், அதன் முன்தட்டு மட்டும் 'டொக்' என்று கேட்கும். கிக் விழும் அதே ஸ்டெப்பில் லோ டாமையும் வைத்து அதன் சுருதியை ஏற்றுங்கள், பந்தல் கடைசி வரை கேட்கும். பாக்ஸ் ஸ்பீக்கரும் கூடவே வைத்திருந்தால் டாமைத் தனி அவுட்டில் எடுத்துக் குழாய்க்கு மட்டும் அனுப்புங்கள்.