விலா இடுக்கு வழியாக ஒரு வால்வு

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது இரண்டு வருடமாகவே இருந்தது. முதலில் ரத்தசோகை என்றார்கள், அப்புறம் ஆஸ்துமா என்று சொல்லி உறிஞ்சுமருந்து கொடுத்தார்கள். ஒரு ராத்திரி படுக்கவே முடியவில்லை. மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். மறுநாள் வேறொரு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இதயத்தை ஒலி அலையால் படம் பிடிக்கும் எக்கோ எடுக்க எழுதினார்.

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் கதவு மாதிரி இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தது, கசிவும் இருந்தது. சின்ன வயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கமும் வந்ததா என்று கேட்டார். எட்டு வயதில் முட்டி வீங்கி, பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தது ஞாபகம் வந்தது. ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் தொற்றும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியோடு சண்டை போடக் கிளம்பும் எதிர்ப்புச் சக்தி, மூட்டையும் இதய வால்வையும் சேர்த்தே தாக்குகிறது. மூட்டு ஆறிவிடும். வால்வில் விழுந்த தழும்பு அப்படியே தங்கிவிடும்.

சுருக்கம் மட்டும் என்றால் தொடை வழியாகப் பலூன் விட்டு விரித்திருப்பார்களாம். கசிவும் இருந்ததால் வால்வையே மாற்ற வேண்டியதாயிற்று. நெஞ்செலும்பை அறுக்காமல், வலது மார்புக்குக் கீழே விலா இடுக்கில் ஆறு சென்டிமீட்டர் கீறி உள்ளே போகலாம் என்றார் சர்ஜன்.

கேட்டவர்கள் எல்லாரும் "சின்ன ஓட்டைதானே" என்றார்கள். ஓட்டைதான் சின்னது, ஆபரேஷன் சின்னதில்லை. இதிலும் இதயத்தை நிறுத்துகிறார்கள். தொடை இடுக்கில் குழாய் போட்டு, ரத்தத்தை இதய-நுரையீரல் இயந்திரத்துக்குத் திருப்புகிறார்கள். இடம் கிடைப்பதற்காக வலது நுரையீரலைச் சுருங்க வைக்கிறார்கள். அதனால்தான் கால் ரத்தக்குழாய் வரைக்கும் சிடி ஸ்கேன், ஆஞ்சியோகிராம், பல் டாக்டரின் சான்று எல்லாம் கேட்டார்கள். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி போய்ப் புது வால்வில் உட்கார்ந்துவிடக் கூடாதே. ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, புண் ஆறும்வரை காத்திருந்தேன்.

உலோக வால்வா, திசு வால்வா என்பதில்தான் வீட்டில் நிறையப் பேசினோம். திசு வால்வு பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும், என் வயதில் அதற்கு முன்பே தேயலாம். உலோகம் என்றால் ஆயுசுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. குழந்தை பெற நினைக்கும் பெண்ணுக்கு அந்த மாத்திரை பெரிய சிக்கல். எனக்கு 41 வயது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்று உலோகத்துக்கே சரி சொன்னேன். வைத்தது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாக்கி, 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியது.

கண் விழித்த பிறகு வலி விலாவில்தான். இருமினால் உயிர் போனது. மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்தார்கள். ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். முதல் நாள் ஒரு பந்துகூட அசையவில்லை. "தலையணையை விலாவோடு அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு இழுங்கக்கா" என்றார் சிஸ்டர். நான்காம் நாள் இரண்டாவது பந்து மேலே போய் ஒரு நொடி நின்றது. சுருக்கிய நுரையீரல் முழுசாக விரிய இதுதான் வழி, வலிக்கிறதென்று விட்டுவிடாதீர்கள். எலும்பை அறுக்காத நன்மை வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஒருக்களித்துப் படுக்க முடிந்தது, ஒரு மாதத்தில் டாக்டரே ஸ்கூட்டர் ஓட்டலாம் என்றார். தொடை இடுக்கில் மரத்துப்போனது போக இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

இப்போது தினமும் சாயங்காலம், ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும், அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும், ஆனாலும் அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் முருங்கைக்கீரையாகச் சாப்பிட்டு மறுவாரம் தொடாமல் இருந்தால்தான் அளவு தாறுமாறாகிறது. தலைவலிக்குக்கூட நாமாகக் கடையில் மாத்திரை வாங்கக் கூடாது.

போன மாதம் சின்னவளுக்குத் தொண்டை கட்டிக் காய்ச்சல் அடித்தது. அத்தை கஷாயம் வைத்தார்கள். குடிக்க வைத்துவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போனேன். மூன்றாம் நாளே துள்ளிக் குதித்தாள். எழுதிக் கொடுத்த பத்து நாள் மருந்தையும் ஒரு வேளை விடாமல் எண்ணிக் கொடுத்தேன்.