கட்டுத்தரைக்கு வந்த கோபக்காரி

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வேடிக்கை பார்ப்பதோடு சரி, குதிரை ஒன்று எங்கள் கட்டுத்தரைக்கே வரும் என்று நினைத்ததில்லை. கல்யாண ஊர்வலத்துக்கு ஓட்டிவிட்டு, முடியாமல் போனதும் யாரோ தோட்டத்தில் கட்டிப்போட்டு மறந்த பெட்டை. விலா எலும்பை எண்ணலாம். குளம்பு வளர்ந்து பழைய செருப்பு மாதிரி முன்னால் வளைந்திருந்தது.

வந்த அன்றே அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஒரு படி கொள்ளை வேகவைத்துவிட்டார். பட்டினி கிடந்த குதிரைக்குத் தானியத்தைக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து, வயிறு உப்பினால் வாந்தி எடுக்கக்கூட அதுக்கு வராது என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதல் மூன்று நாள் காய்ந்த குதிரைமசால் தீவனத்தழை மட்டும், நான்கு மணி நேரத்துக்கு அரை கிலோ. ராத்திரியும்தான். அப்புறம் மெதுவாகக் கூட்டினோம்.

தீனி சுலபம். கோபம்தான் பெரும்பாடு. கையில் கயிறு இருந்தாலே காதைப் பின்னால் படுக்கவைத்து, பின்புறத்தைத் திருப்பிவிடும். வாளியை உதைத்ததில் ஒரு பக்கம் நசுங்கியே போச்சு. எவ்வளவு அடி வாங்கியதோ! நான் கிளுவை வேலியோரம் தினமும் வெறுங்கையோடு உட்கார்ந்து பேப்பர் படித்தேன். இருபதாவது நாள் பின்கழுத்தில் சூடான மூச்சு. திரும்பவே இல்லை நான்.

நேற்று லாடக்காரர் வந்தார். முன்னங்கால் ஒன்றை மட்டும் சீவ விட்டாள். இன்னும் மூன்று பாக்கி. கொள்ளுக்கு எப்போது நேரம் வரும் என்று அப்புச்சி தினமும் கேட்கிறார்.