ஓரியூரில் அம்மாவின் நேர்த்திக்கடன்

தம்பி போன விசைப்படகு நடுக்கடலில் இன்ஜின் நின்று, வாடைக்காற்றில் இழுபட்டு, ஒரு சேதியும் வராமல் கிடந்தபோது அம்மா முற்றத்தில் முழங்கால் போட்டார். "அருளானந்தரே, பிள்ளையக் கரை சேத்துரும். ஓரியூருக்குக் கூட்டியாந்து முடி இறக்குறேன்." வேறொரு படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்து விட்டார்கள். அதிலிருந்து அம்மாவுக்கு நேர்த்தியை முடிக்கும் நினைப்புத்தான். இந்த பிப்ரவரி 4, புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) திருநாளுக்கே ஓரியூர் போய்விட்டோம்.

தங்கச்சிமடத்தில் இருட்டோடு கிளம்பி ராமநாதபுரம், தேவிபட்டினம், தொண்டி என்று போனோம். பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. மூட்டுவலிக்கார அம்மா வழி நெடுக ஜெபமாலையை விடவில்லை. இறங்கியதும் மெழுகுதிரி விற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. ஒருவன் வந்து, துட்டுக் கொடுத்தால் வரிசையில் நிற்காமல் முன்னால் கூட்டிப்போகிறேன் என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேர்த்திக்கு வரும் ஏழை சனத்திடம் இப்படிப் பிடுங்குவதைக் கோயில்காரர்கள் தடுக்கத்தான் வேண்டும்.

தம்பிக்கு முடி இறக்கியானதும் அம்மா அந்தச் செம்மண்ணை ஒரு கை அள்ளினார். 1693-ல் புனிதர் தலை வெட்டுண்டு ரத்தம் சிந்திய மண். மொட்டைத் தலையில் உச்சியிலிருந்து பிடரி வரை நிதானமாகத் தடவினார். சவரக்கத்தி பட்ட கீறலில் மண் ஒட்டிச் சிவந்தது. இருபத்தைந்து வயசுப் பிள்ளை, குனிந்தவன் நிமிரவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. லிஸ்பனில் அருளானந்தர் சிறுவனாக நோயில் கிடந்தபோது அவரைப் பெற்றவளும் சேசு சபைத் துறவியான சவேரியாருக்கு நேர்ந்துகொண்டு, பிழைத்த பிள்ளைக்கு அந்தச் சபை அங்கியை ஒரு வருசம் உடுத்திவிட்டாளாம். அவளுக்கும் இதே பதைப்புத்தானே இருந்திருக்கும்!

பூசையில் சாமியார் பைபிளிலுள்ள எபிரேயர் திருமுகத்தை எடுத்துப் பேசினார். பழைய ஏற்பாட்டுத் தலைமைக்குரு இஸ்ரயேலின் பன்னிரண்டு குலங்களின் பெயரையும் கல்லில் பொறித்து நெஞ்சில் சுமந்துகொண்டு திருத்தூயகத்துக்குள் போவார். அதற்கும் உள்ளே இருக்கும் மகா பரிசுத்த இடத்துக்குள் வருசத்துக்கு ஒரே ஒரு நாள்தான், அதுவும் ஆடுமாடுகளின் ரத்தத்தோடு. நம் ஆண்டவரோ தம் சொந்த ரத்தத்தோடு ஒரே தரம் போனார். போனவர் இன்னும் பிதாவின் முன் நமக்காகப் பரிந்து பேசிக்கொண்டே இருக்கிறார்.

எத்தனையோ தடவை கேட்ட வாசகம். அன்றைக்குத்தான் நெஞ்சில் இறங்கியது. அருளானந்தரிடம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்கிறோம். அவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு போய் நிற்பதும் இயேசுவிடம்தான். அந்த இயேசுவுக்கு நம் பாடு தெரியும். அலுத்துப்போய்ப் படகின் பின்னணியத்தில் தலை சாய்த்துத் தூங்கியவர். புயலைப் பார்த்தவர். கண்ணீர் விட்டுக் கதறி மன்றாடியவர் என்று அதே திருமுகம் சொல்கிறது. முற்றத்தில் அம்மா அழுதது அவருக்குப் புரியாமல் போகுமா? தகப்பனிடம் பேசும்போது எங்கள் தம்பியின் பெயரும் அவர் நெஞ்சில் இருந்திருக்கிறது. அதை நினைத்ததும் எனக்குப் பாட்டு வரவில்லை, அழுகைதான் வந்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஓர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நற்கருணை வாங்கினோம், தென்னங்கன்று காணிக்கை வைத்தோம், கோயில் பொதுச் சாப்பாடான அசனத்தில் சாப்பிட்டோம். வெயிலும் நெரிசலும் அப்புறம் ஒரு பொருட்டாகவே இல்லை.

இயேசுவே, உமக்கு நன்றி. கயிறு போட்டு இழுத்து வந்த கைகளுக்காக நன்றி. அருளானந்தரே, எங்கள் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்தீரே, உமக்கும் நன்றி. எங்கள் தெருவில் இன்னும் திரும்பாத பிள்ளைகளின் பெயர்களை அம்மா ஒவ்வொன்றாகப் பீடத்தடியில் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஆண்டவரே, அவர்களையும் கரை சேர்த்தருளும்.