மூத்த பிள்ளை இருப்பது ரிப்போர்ட் ஆகாது

"இவனுக்கு என்ன குறை? அதான் மூத்தது இருக்கே" என்ற ஒரே பேச்சில் ஒரு வருடம் ஓடிவிடும். டெல்டாப் பக்கம் இரண்டாவது குழந்தை தள்ளிப்போனால் லேபுக்கு முதலில் அனுப்பப்படுவது மருமகள்தான். மகன் வயலுக்கோ கடைக்கோ கிளம்பிவிடுவார். மூத்த பிள்ளைக்கு ஐந்து வயது என்றால் அது சொல்வது ஆறு வருடத்துக்கு முந்தைய நிலவரம். முட்டை இருப்பு, விந்தணு, கருக்குழாய், தைராய்டு எல்லாமே அதற்குள் மாறியிருக்கலாம். மனைவிக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம், தாண்டிவிட்டால் ஆறு மாதம் முயன்றுவிட்டு, இருவரும் சேர்ந்தே பரிசோதனைக்குப் போங்கள். மாதவிலக்கு ஒழுங்காக வராவிட்டால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

லேபுக்குப் போகும் முன் பழைய டிஸ்சார்ஜ் அட்டையைத் தேடி எடுங்கள். அரசு மருத்துவமனைகளில் பிரசவம் முடிந்த கையோடு கர்ப்பப்பைக்குள் காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனம் போடுவது உண்டு. சிசேரியன் மயக்கத்திலும் வலியிலும் கையெழுத்துப் போட்டது பலருக்கு நினைவிருக்காது. அதன் நூல் உள்ளே சுருண்டிருந்தால் வெளியே தெரியாது, ஸ்கேனில்தான் தெரியும். எடுத்துவிட்டால் அடுத்த மாதமே கரு தங்க வாய்ப்புண்டு. அந்தரா என்ற கருத்தடை ஊசி அப்படியல்ல. மறுபடி கரு தங்க கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் வரை ஆவது சகஜம். அதற்குள் பதறிப் பரிசோதனை செய்தால் குழப்பமே மிஞ்சும். மூத்தது இன்னும் இரவில் தாய்ப்பால் குடிக்கிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான ப்ரோலாக்டின் கூடுவதற்கு அது ஒன்றே போதும்.

ப்ரோலாக்டினைப் போல ஆளை ஏமாற்றும் பரிசோதனை வேறில்லை. வாயுத் தொல்லைக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையில் டாம்பெரிடோன் சேர்ந்திருந்தால் அளவு ஏறும். லெவோசல்பிரைடு சேர்ந்திருந்தாலும் ஏறும். தூங்கி எழுந்த உடனே ரத்தம் எடுத்தாலும், பஸ் பிடித்து ஓடிவந்து மூச்சிரைக்க உட்கார்ந்து கொடுத்தாலும் ஏறும். எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, லேபில் சற்று அமைதியாக உட்கார்ந்த பிறகு கொடுங்கள். கொஞ்சம் கூடுதலாக வந்தால் மாத்திரை ஆரம்பிக்கும் முன் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ப்ரோலாக்டின் கூடும் என்பதால் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்சையும் சேர்த்தே பார்ப்பார்கள். முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் டிஎஸ்எச் தப்பாகக் குறைந்து காட்டலாம். தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தால் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரமாவது போன பிறகுதான் டிகிரி காபி. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். அளவு சரியானதா என்று ஆறு வாரம் கழித்துப் பாருங்கள்.

முட்டை இருப்பு குறைந்தால் கூடும் எஃப்எஸ்எச் ஹார்மோனுக்கான பரிசோதனை விலக்கான இரண்டாம் அல்லது மூன்றாம் நாள். லேசான கறை பட்ட நாள் கணக்கில் வராது, நன்றாகப் போக்கு தொடங்கிய நாளே முதல் நாள். கூடவே எஸ்ட்ராடியால் என்ற பெண் ஹார்மோனும் பார்க்க வேண்டும். அது 80 பிகோகிராமுக்கு மேல் இருந்தால் எஃப்எஸ்எச்சை அமுக்கி, எல்லாம் சரி என்பது போலக் காட்டிவிடும். முட்டை வெடித்த பிறகு கூடும் ஹார்மோனைப் பார்க்கும் "21ஆம் நாள்" ப்ரொஜெஸ்டிரோன் பரிசோதனை 28 நாள் சுற்று உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும். 35 நாள் சுற்று என்றால் 28ஆம் நாள்தான் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே கொடுத்துவிட்டு "முட்டை வெடிக்கவில்லை" என்று அழுத பெண்கள் உண்டு. 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெடித்துவிட்டது என்று பொருள்.

முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் என்ற ஹார்மோன் குறைந்தால் வீடே இடிந்துபோகிறது. அந்த எண் முட்டை எத்தனை மிச்சம் என்று மட்டுமே காட்டும். ஒரு மாதத்தில் வெடிக்கும் ஒற்றை முட்டையின் தரத்தைக் காட்டாது. மாதவிலக்கு ஒழுங்காக வருபவருக்கு ஏஎம்எச் 0.9 என்பதால் இயற்கையாகக் கரு தங்காது என்று சொல்ல முடியாது. அவகாசம் குறைவு, நாளைக் கடத்த வேண்டாம் என்ற எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் ஏஎம்எச் இறங்கிக் காட்டும்.

இனி கணவர். இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு சாம்பிள் கொடுக்க வேண்டும். பத்து நாள் சேர்த்து வைத்தால் எண்ணிக்கை கூடலாம், ஆனால் அசைவு குறையும். வீட்டில் எடுப்பதானால் லேப் கொடுத்த டப்பாவிலேயே எடுத்து, உடம்புச் சூட்டில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். வேதாரண்யத்தில் எடுத்துத் தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் கொண்டுவந்தால் பாதி செத்துத்தான் இருக்கும். சோப்பு, தேங்காய் எண்ணெய், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் வெட்கப்படாமல் லேபில் சொல்லிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டுப்படி கீழ் வரம்பு: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி அணுக்கள், மொத்த அசைவு 42 சதவீதம், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். ஆமாம், வெறும் நாலு. "96 சதவீதம் கோணல்" என்று படித்துவிட்டு மிரள வேண்டியதில்லை.

விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. குறுவை அறுப்பில் கொடுத்த சாம்பிள், நடவு நேரத்தில் உருவாகத் தொடங்கியது. நடுவில் வந்த டெங்குக் காய்ச்சல், கையுறையும் முகமூடியும் இல்லாமல் அடித்த பூச்சிமருந்து, அறுவடை இயந்திரத்தின் சூட்டில் உட்கார்ந்த நாட்கள், புகையிலை, குடி எல்லாம் இந்தச் சாம்பிளில் தெரியும். அதனால்தான் சரிசெய்த பிறகு மூன்று மாதம் விட்டு மறுபடி பார்க்கச் சொல்வது. உடம்பு ஏற்றுவதற்கு ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். ஆண்மைக்கு நல்லது என்று அதைப் போட்டுக்கொள்வதைப்போல அசட்டுத்தனம் இல்லை.

சிசேரியன் ஆனவர்களுக்கு விலக்கு முடிந்த பிறகும் பல நாள் பழுப்புக் கறை பட்டால், தழும்பில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று உள்வழி ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். கருக்குழாய் எக்ஸ்ரே போக்கு நின்ற பிறகு, பத்தாம் நாளுக்குள். விலக்கானதிலிருந்து எக்ஸ்ரே முடியும்வரை சேரக்கூடாது. கர்ப்பப்பையை ஒட்டிய இடத்தில் அடைப்பு என்று வந்தால் சில சமயம் அது குழாய் சுருங்கிக்கொண்டதுதான், உண்மையான அடைப்பு அல்ல. இரு பக்கமும் அடைப்பு என்றால், குழாயை அடைக்கக்கூடிய காசநோயையும் விசாரிப்பார்கள். அதற்குக் கோபப்பட வேண்டாம்.

பிள்ளை வரம் வேண்டிச் சாப்பிடும் திருக்கருகாவூர் கோயில் நெய்யைச் சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது. கூடவே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தையும் இப்போதே தொடங்கிவிடுங்கள்.

கணவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து 40 நாள் லீவில் வருகிறார் என்றால் கணக்கு வேறு. மனைவியின் ரத்தப் பரிசோதனையும் கருக்குழாய் எக்ஸ்ரேயும் அவர் வருவதற்கு முந்தைய மாதமே முடிந்திருக்க வேண்டும். டிக்கெட் போடும்போதே அடுத்த விலக்குத் தேதியிலிருந்து 14 நாள் பின்னோக்கி எண்ணி, அதற்கு முந்தைய ஐந்து நாளும் அந்த நாளும் லீவுக்குள் வருமாறு பாருங்கள். ஒரு லீவில் இப்படி இரண்டு தடவை கிடைத்தால் நல்லது. விந்துப் பரிசோதனை வந்த முதல் வாரத்திலேயே. குறைவாக வந்தால் கிளம்பும் முன் இன்னொன்று. சிகிச்சை தேவைப்பட்டால், விந்தை உறையவைத்துச் சேமிக்கும் வசதியுள்ள மையத்தில் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பேசுங்கள். ஒப்புதல் படிவத்தில் அவர் நேரில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.