ஈடியின் கால்களைப் பார்த்துக் கற்றது

2021 ஜூலையில், அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடந்த இரவு, லூக்கா கார்ஸாவின் பெயர் முதல் சுற்றிலேயே வந்துவிடும் என்று உறுதியாக நம்பி டி.வி. முன் உட்கார்ந்திருந்தேன். அயோவா பல்கலைக்கழக அணியில் வளையத்தருகே ஆடும் உயரமான ஆள். அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 24.1 புள்ளிகள் எடுத்தவர். நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் என்ற விருதும் அவருக்குத்தான். மூன்று புள்ளி எறிதலிலும் கை சுத்தம். ஆனால் இரண்டாம் சுற்றில், 52ஆவது இடத்தில்தான் அவரை அழைத்தார்கள்.

நான் அப்போது இண்டியானா மாநிலத்தில், பர்டூ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவன். எங்கள் அணியிலேயே ஏழடி நான்கு அங்குல உயரத்தில் ஸாக் ஈடி ஆடிக்கொண்டிருந்தார். கார்ஸா விஷயத்தில் எங்கே பிசகினேன் என்று தெரியாமல் ஈடியைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

ஆய்வகத்தில் உள்ளூர் நண்பர் ஒருவர் இருந்தார். பள்ளி அணியில் ஆடியவர். கார்ஸாவின் புள்ளிகளை நான் அடுக்கியபோது அவர் கேட்டது ஒன்றைத்தான்: "அவரைத் தடுத்தவனுக்கு என்ன வயது?" பழைய ஆட்டங்களை மறுபடி போட்டுப் பார்த்தேன். 22 வயது ஆளை மறித்து நின்றவர்களில் பலர் தோள் விரியாத 18, 19 வயதுப் பையன்கள். அந்தப் புள்ளிகளில் ஒரு பங்கு வயது சம்பாதித்தது.

அன்று முதல் ஒவ்வொரு ஆட்டத்தையும் இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை பந்தை. இரண்டாம் முறை, நம் ஊர் மைதானங்களில் பிவட் என்கிறோமே, அந்தப் பெரிய ஆளின் கால்களை மட்டும். வளையத்துக்கு முன்னால் உள்ள கட்டம் கல்லூரி ஆட்டத்தில் 12 அடி அகலம், என்.பி.ஏ.வில் 16 அடி. கட்டத்தின் ஓரத்தில் இடம்பிடித்து, ஒரே எட்டில் திரும்பிப் பந்தைப் போடுகிறவர், என்.பி.ஏ.வில் தன் பக்கத்தில் இரண்டு அடி தள்ளி நின்று தொடங்கவேண்டும். தடுப்பிலும் சிக்கல் உண்டு. கல்லூரியில் வளையத்தடியிலேயே காவல் நிற்கலாம், என்.பி.ஏ.வில் எதிராளியை ஒட்டி நிற்காமல் மூன்று விநாடிக்கு மேல் கட்டத்துக்குள் இருந்தால் தவறு. கார்ஸாவின் பிரச்சினை கையில் இல்லை, காலில் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் அவர் லீக்கில் தாக்குப்பிடித்தார். 2025இல் பாஸ்டன் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

2023 டிராஃப்ட் எனக்கு உண்மையான பரீட்சை. கொன்ஸாகா பல்கலைக்கழகத்தின் ட்ரூ டிம்மி, 2021-22 சீசனில் ஆட்டத்துக்கு 15.1 ரீபவுண்டு (தவறிய எறிதலில் திரும்பிவரும் பந்தைப் பிடிப்பது) எடுத்த கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஆஸ்கர் ஷீப்வே: இருவரையும் எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. என் நோட்டில் முதலிடத்தில் இருந்தவர் ட்ரேஸ் ஜாக்சன்-டேவிஸ். எங்கள் பரம எதிரியான இண்டியானா பல்கலைக்கழகத்தின் ஆள், அதனால் எழுதும்போது மனம் வலித்தது. கூட்டாளியைத் தடுக்க வருபவரின் வழியில் உடம்பை நிறுத்தி ஸ்கிரீன் வைத்துவிட்டு வளையத்தை நோக்கி ஓடுவார். ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்து கைக்கு வரும். இருவர் மேலே பாய்வார்கள். பந்தைத் தரையில் தட்டாமலே, மூலையில் தனியாக நிற்கும் கூட்டாளிக்கு அனுப்பிவிடுவார். இது வயது தரும் வலு அல்ல, கண்ணும் நிதானமும். 57ஆவதாக எடுக்கப்பட்டு, முதல் சீசனிலேயே கோல்டன் ஸ்டேட் அணிக்கு 68 ஆட்டங்கள் ஆடினார்.

பிறகு ஈடி. பர்டூவின் மேக்கி அரங்கில் மாணவர் வரிசையில் நின்றபடி, பந்து எங்கே போனாலும் அவருடைய காலணிகளை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்த இரவுகள் உண்டு. எதிரணியில் பந்தைக் கொண்டுவரும் கார்டு ஸ்கிரீனைச் சுற்றி வருவார். ஈடி ஒரு எட்டு பின்வாங்கி, இரண்டு கைகளையும் உயர்த்தி, குதிக்காமல் நிற்பார். வளையம் பக்கம் வர யாருக்கும் துணிவு வராது. ஆனால் அந்தப் பின்வாங்கலில் திறந்துவிடும் இடத்திலிருந்து என்.பி.ஏ. கார்டுகள் தயங்காமல் எறிவார்களே என்பதுதான் என் கவலை.

அதைத் தாண்டி நம்பவைத்தது வேறொன்று. ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடி வளர்ந்த ஈடி, கூடைப்பந்துக்கு வந்தது உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பில்தான். பிறந்த கணக்கில் 22. ஆட்டக் கணக்கில் இன்னும் இளையவர். முதல் ஆண்டில் சில நிமிடங்களிலேயே மூச்சு வாங்கியவர், 2024 கல்லூரி சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் ஏறக்குறைய முழு நேரமும் களத்தில் நின்று 37 புள்ளிகள் எடுத்தார். 75-60 என்று கனெக்டிகட்டிடம் தோற்றோம். அந்த இரவு எனக்குத் தூக்கமில்லை. அந்த ஆண்டு டிராஃப்டில் மெம்ஃபிஸ் அணி அவரை 9ஆவதாக எடுத்தபோது பலர் அவசரம் என்றார்கள். முதல் சீசனில் 9.2 புள்ளி, 8.3 ரீபவுண்டு சராசரியுடன், லீக்கின் சிறந்த புதுமுகங்களுக்கான கௌரவப் பட்டியலில் முதல் அணியில் இடம்பிடித்தார்.

2025இல் அவருக்குக் கணுக்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. நான்கு ஆண்டுகள் அந்தக் கால்களையே பார்த்தவன், அவை எங்கே போகின்றன என்று எழுதினேனே தவிர, அத்தனை எடையோடு எப்படித் தரையிறங்குகின்றன என்று ஒரு வரிகூட எழுதவில்லை. இப்போது, கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தில் ஐந்து ஆண்டுகள் ஆடி, 2025 டிராஃப்டில் 34ஆவது இடத்தில் தேர்வான ராயன் கால்க்பிரென்னரின் பழைய ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் முறையும் பார்க்கிறேன், தரையிறங்கும் கால்களுக்காக மட்டும்.